கிளம்பிவிட்டதாகச் சொல்லப்பட்ட வண்டி

கன்னியப்பன் இறந்த செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. செங்கல்பட்டில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு மருந்துக் கடை. போன் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார். இறங்கிப் போய் எடுத்தேன். பேசியது எங்கள் பழைய டிரைவர் எத்திராஜ்.

"டைம் கீப்பர் தவறிட்டாரு சார்" என்றார்.

துக்கச் செய்தி கேட்டவன் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. அதை நான் கேட்டேன். "நீங்க பாத்தீங்களா?"

மருந்துக் கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்திராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்துட்டுதான் பேசறேன் சார். அவரு வூட்டுக்கு எதிர்ல ரைஸ் மில்லு கீது இல்ல, அங்கேருந்துதான். இங்க நின்னா வாசல் தெரியுது. பெஞ்சி மேல படுக்க வெச்சிகீறாங்க. தலைமாட்டுல வௌக்கு எரியுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் நம்பினேன். பஸ் ஏறி அவருடைய ஊரான மாகறல் போய்ச் சேர்ந்தேன்.

கன்னியப்பனோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த உரையாடல் மரியாதைக் குறைவாகத் தோன்றாது. போனில் வரும் செய்தியை இப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்பதை அவரால்தான் நாங்கள் எல்லாரும் தெரிந்துகொண்டோம். அவர் அதைக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. பத்து மாதம் போனில் தவறாமல் பொய் சொன்னார். நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் உத்திரமேரூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் கிளார்க்காக இருந்தேன். தலைமை அலுவலகம் என்பது ஏரிக்கரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி பஸ்ஸுக்கு, பாதி முதலாளிக்கு. காஞ்சிபுரம் ரூட்டில் எங்களுக்கு இரண்டு வண்டிகள். ஒன்றை எத்திராஜ் ஓட்டினார், இன்னொன்றை ஜகந்நாதன் ஓட்டினார். ஒன்று போகும்போது மற்றது வரும். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஸ்டூல், ஒரு சாய்வு மேஜை, ஒரு விசில், ஒரு குடை ஆகியவற்றோடு கம்பெனியின் டைம் கீப்பராகக் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும்.

இந்த இரண்டு வண்டிகளும் ஒரு நாளைக்குப் பல தடவை எதிரெதிரே வரும். அப்போது டிரைவர்கள் இருவரும் ரோட்டின் நடுவிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் பேசுவார்கள். எந்த மதகுப் பக்கம் ரோடு உள்வாங்கியிருக்கிறது, எங்கே சோதனை அதிகாரி மறைந்து நிற்கிறார், யாருடைய மாமனாருக்கு உடம்பு சரியில்லை, எந்த ஸ்டாப்பில் கூட்டம் காத்திருக்கிறது எல்லாம் அங்கே பேசி முடிந்துவிடும். ஒரு பீடி பிடிக்கும் நேரம் ஆகும். பயணிகளும் சும்மா இருக்க மாட்டார்கள். இந்த வண்டியில் இருக்கும் மருமகளுக்கு அந்த வண்டியில் இருக்கும் மாமியார் சாவி கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனி உண்மையில் நடந்தது அந்த இடத்தில்தான். கொட்டகையில் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இருந்தது.

முதலாளி நல்ல மனிதர். சிக்கனமானவர். ரோட்டில் வண்டி நின்று பேசினால் டீசல் யார் வீட்டுக் காசு என்று நியாயமாகவே கேட்டார். பல வருஷம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து கடைசியில் உத்திரமேரூரில் ஒன்று, காஞ்சிபுரம் ஸ்டாண்டில் ஒன்று என்று இரண்டு போன் வாங்கினார். கருப்புப் போனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். அன்றைக்கே நோட்டீஸ் டைப் அடித்துக் கொட்டகையில் ஒட்டினேன். வண்டிகள் எதிர்ப்படும்போது நிறுத்திப் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை டிரைவர்கள் ஆபீஸில் சொல்ல வேண்டும். ஆபீஸ் போனில் சொல்லும். இனி எல்லோருக்கும் எல்லாம் உடனுக்குடன் தெரியும் என்றார் முதலாளி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன் வந்த புதிதில் கன்னியப்பன் அதை எழுந்து நின்றுதான் பேசுவார். மணி அடித்தால் ஸ்டூலை விட்டு எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, குடையைச் சாத்தி வைத்துவிட்டுத்தான் எடுப்பார். அந்தப் பக்கம் முதலாளி இருக்கிறாரோ இல்லையோ. "மொதலாளி பாக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும் கிளார்க்கு சார். வேட்டிக்குத் தெரியலியே" என்று என்னிடம் சொன்னார்.

முதலாளி பேசுவது எப்போதும் ஒரே கேள்வியில் ஆரம்பிக்கும். வண்டி கிளம்பிவிட்டதா? இதைக் கேட்பதற்கென்றே, நேரம் பார்த்து, எக்ஸ்சேஞ்சில் சொல்லி டிரங்க் கால் போட்டுக் காத்திருப்பார். முதல் சில நாட்கள் கன்னியப்பன் உண்மையைச் சொன்னார். "இன்னும் இல்ல மொதலாளி, ஆளு ஏறிக்கினு கீது" என்றார். உடனே முதலாளி திட்ட ஆரம்பிப்பார். டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம். கொடுத்த காசு வீணாகக்கூடாது என்று மூன்று நிமிஷமும் திட்டுவார். டிரிப் ஷீட்டும் விசிலும் கன்னியப்பன் கையில் இருப்பதால், திட்டு முடியும்வரை வண்டி நிற்கும். இதைக் கன்னியப்பன் கவனித்தார். ஒரு நாள் "கெளம்பிட்ச்சி மொதலாளி" என்று சொல்லிப் பார்த்தார். முதலாளி மகிழ்ந்து உடனே வைத்துவிட்டார். வண்டியும் சீக்கிரம் கிளம்பியது. கிளம்பிவிட்டது என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும் என்பதை அவர் இப்படிக் கண்டுபிடித்தார்.

நான் ஒரு தடவை இதைப் பற்றிக் கேட்டபோது, "பொய்யின்னு சொல்லாதீங்க சார். கொஞ்சம் முன்னாடியே சொல்லிடறேன், அவ்ளோதான்" என்றார்.

அவர் வண்டியை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் இருந்தது. மாகறல் பக்கத்தில் செய்யாற்றுக்கு அக்கரையிலிருந்து தினமும் காலையில் சில பெண்கள் காஞ்சிபுரத்துக்குக் கீரை விற்க வருவார்கள். நிலம் இல்லாத குடும்பங்கள். ஏரிக்கரையிலும் வரப்பிலும் பறித்த கீரை. கடைசிக் கட்டு விற்கும்வரை தெருவை விட்டு நகர மாட்டார்கள். மாலையில் கடைசி வண்டியை விட்டால் அவர்களுக்கு நடைதான். அவர்களில் அஞ்சலை என்று ஒருத்தி, தலையில் காலிக் கூடையோடு தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வருவாள். அந்தக் கை தெரியும்வரை கன்னியப்பன் விசிலை வாயில் வைக்க மாட்டார். இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. முதலாளி கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு. அஞ்சலைக்கு அதில் இடமில்லை.

கொட்டகையில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. டைம் கீப்பர் கிளம்பியது என்றால் டிரைவர் டீ குடிக்கிறார் என்று அர்த்தம் செய்துகொண்டோம். அந்தக் கணக்கில் வண்டி சரியாகவே வந்து சேரும். கூட வேலை பார்க்கும் மனிதன் எப்போது எவ்வளவு பொய் சொல்வான் என்று தெரிந்திருந்தால் ஒரு கம்பெனி நன்றாகவே நடக்கும். தெரியாத ஒரே ஆள் முதலாளி. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்குப் போன் இருந்தது, தைரியம் இல்லை.

போன் செய்த இன்னொரு காரியம் எத்திராஜையும் ஜகந்நாதனையும் பிரித்ததுதான். அவர்கள் வருஷக் கணக்காக ஒருவரையொருவர் கேலி செய்தே வண்டி ஓட்டியவர்கள். எதிர்ப்படும்போது எத்திராஜ், "இன்னா நைனா, உன் வண்டி பிரேக்க இன்னிக்கி மிதிச்சா நாளைக்கித்தான் நிக்குமாமே" என்பார். ஜகந்நாதன், "உன் வண்டி நிக்கறதே பிரேக்காலயா? மேடு வந்தா நிக்குது" என்பார். இரண்டு வண்டி ஜனமும் சிரிக்கும். நோட்டீஸ் ஒட்டிய பிறகு இது நின்றது. ஒரு நாள் எத்திராஜ் அதே கேலியை, சொல்ல ஆள் இல்லாமல், கன்னியப்பனிடம் சொல்லியிருக்கிறார். கன்னியப்பன் சிரித்துக்கொண்டே எனக்குப் போனில் சொல்ல நினைத்திருக்கிறார். போனை எடுத்தது முதலாளி. காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே இருந்த அந்தக் கம்பியில் வார்த்தைகளே பாதிதான் வரும். சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் ஜகந்நாதனுக்கு மெமோ போயிற்று. உமது வண்டியின் பிரேக் பழுதாக இருப்பதாகச் சக டிரைவர் புகார் செய்திருக்க, நீர் ஏன் தெரிவிக்கவில்லை?

மெமோவைத் தட்டச்சு செய்தது நான்தான். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஜகந்நாதன் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கு எத்திராஜின் வண்டி எதிரே வந்தபோது ஹாரன் அடிக்கவில்லையாம். மறுநாள் எத்திராஜும் அடிக்கவில்லை. எத்திராஜுக்கு மெமோவைப் பற்றித் தெரியாது. ஜகந்நாதனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாக நினைத்தார். ஒரே ரோட்டில், ஒரு நாளைக்குப் பல தடவை, இரண்டு பெரிய வண்டிகள் ஒன்றையொன்று பார்க்காதது போல் போய்க்கொண்டிருந்தன. கன்னியப்பன் இதில் ரொம்ப வருத்தப்பட்டார். நடந்ததை எத்திராஜிடம் சொல்லிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். போனில்தான் கேட்டார். முதலாளி பக்கத்தில் இருந்ததால், வண்டிச் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது போல் நான் ஏதோ பதில் சொன்னேன். அவர் அதைச் சக்கரத்தைப் பற்றிய பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷ ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. உத்திரமேரூர் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தது. செய்யாற்றில் அப்போது இருந்தது தரைப்பாலம். தண்ணீர் அதிகமானால் பாலத்தின் மேலேயே ஓடும். பாலத்தின் இரண்டு ஓரமும் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். கற்கள் தெரிந்தால் போகலாம், மூழ்கினால் போகக்கூடாது. இதற்கு மேல் விதிமுறை கிடையாது.

அன்று மாலை ஜகந்நாதனின் வண்டி காஞ்சிபுரத்திலிருந்து வந்தது. ஜனம் இறங்குவதற்கு முன்பே அவர் இறங்கி ஆபீஸுக்குள் வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தது. பாலத்தில் வண்டியை விட்டு இறங்கி முன்னால் நடந்து பார்த்துத்தான் ஓட்டி வந்திருக்கிறார். கற்களின் தலை மட்டும்தான் தெரிந்தது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, கடைசி வண்டியை விடாதே என்று காஞ்சிபுரத்துக்குச் சொல்லுங்கள் என்றார். எத்திராஜ் என்ற பெயரை அவர் சொல்லவில்லை. கடைசி வண்டி என்றார்.

முதலாளி உடனே டிரங்க் கால் போட்டார். லைன் கிடைத்தது. பத்து மாதப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது, "வண்டி கெளம்பிட்ச்சா?"

பத்து மாதப் பழக்கத்தில் அங்கிருந்து வந்தது, "கெளம்பிட்ச்சி மொதலாளி."

முதலாளி போனை வைத்துவிட்டார். கிளம்பிய வண்டியைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கணக்குப்படி வண்டி இன்னும் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஆனால் கிளம்பியது என்று சொல்லிவிட்டதால், அதை உண்மையாக்க டைம் கீப்பர் இந்த நிமிஷம் விசிலை வாயில் வைத்திருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜகந்நாதன் பேசினார்.

"மறுபடி போடுங்க மொதலாளி. வண்டி அங்கதான் நிக்கும்."

"கெளம்பிட்ச்சின்னு சொல்றானே."

"அவரு கெளம்பிட்ச்சின்னு சொன்னா நிக்குதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஓர் அறை இருப்பதைக் கண்டவர் மாதிரி இருந்தார். பிறகு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, உடனே லைன் கிடைக்கும் லைட்னிங் கால் கேட்டார். சாதாரண டிரங்க் காலைப் போல எட்டு மடங்கு கட்டணம். அந்த வார்த்தையை அதுவரை அவர் பிறருடைய ஊதாரித்தனத்துக்கு உதாரணமாக மட்டும்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

லைன் கிடைத்ததும் இந்தத் தடவை அவர் கேள்வி கேட்கவில்லை. "கன்னியப்பா, பாலத்து மேல தண்ணி. கல்லு முழுகுது" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ மேஜையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம். பூ விற்கிற குரல். வேறு யாருடைய வண்டியோ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். முதலாளி ஹலோ, ஹலோ என்றார். நான் காதை ரிசீவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஜகந்நாதனும் வந்தார். முதலாளியோடு மூன்று தலைகள் ஒட்டி நின்றதை வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் கற்பனை செய்ய முடியாது.

கடைசியில் புதிதாக ஒரு குரல் வந்தது. "யார்பா அது? இன்னா வோணும்?"

"நீ யாரு?" என்றார் முதலாளி.

"டீக்கட."

"டைம் கீப்பர் எங்க?"

"ஓடறாரு."

"எங்க ஓடறாரு?"

"வண்டி பின்னால."

"வண்டி எங்க?"

"போவுது."

முதலாளி ஒரு கணம் கண்ணை மூடினார். "புட்ச்சிட்டாரா பாரு."

"இல்ல. வேட்டி அவுந்துபோச்சி. கைல புட்ச்சிக்கினு ஓடறாரு… சைக்கிள் ரிக்சா மேல ஏறிட்டாரு… ரிக்சாக்காரன் இன்னா ஏதுன்னு கேட்டுக்கினு கீறான்… இப்ப மிதிக்கிறான்."

எக்ஸ்சேஞ்சுப் பெண் நடுவில் வந்தாள். மூன்று நிமிஷம் ஆகிவிட்டது, எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா என்றாள். முதலாளி, "பண்ணும்மா" என்றார். அவள் குரலை மாற்றிக்கொண்டு, "வண்டி நின்னுச்சா சார்?" என்று கேட்டாள்.

"முனை திரும்பிட்டாங்க. கண்ணுக்குத் தெர்ல" என்றார் டீக்கடைக்காரர்.

எங்கள் கம்பெனியின் சரித்திரத்தில் போனில் சொல்லப்பட்ட முதல் முழு உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். சொன்னவர் கம்பெனியின் ஆள் இல்லை. அவருக்கு முதலாளியிடம் பயமும் இல்லை, நல்ல பெயர் வாங்கும் ஆசையும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாதபோது தெரியவில்லை என்றார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அஞ்சலையும் மற்றப் பெண்களும் அந்த வண்டியில் இருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு ரிசீவரில் ஒரு ஹாரன் கேட்டது. ஜகந்நாதன் நிமிர்ந்தார். "எத்திராஜு வண்டி" என்றார். அந்த ஹாரனை அவர் பல மாதமாகக் கேட்கவில்லை.

கன்னியப்பன் போனுக்கு வந்தார். மூச்சுதான் முதலில் வந்தது. "இல்ல மொதலாளி. இன்னும் கெளம்பல" என்றார்.

"மொதல்ல கெளம்பிட்ச்சின்னு சொன்னியே."

"சொன்னேன் மொதலாளி."

"வேட்டியக் கட்டு" என்றார் முதலாளி.

ஆனால் காரியம் முடியவில்லை. எத்திராஜ் வண்டியை விட்டு இறங்கிப் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ஆபீஸ் சொன்னால் நம்ப மாட்டேன் என்றார். ஆபீஸ் பத்து மாதத்தில் என்னென்ன சொல்லியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வண்டி நிறைய ஜனம் வீடு போகவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்தது யார் என்று கேட்டார். ஜகந்நாதன் என்றதும், அவனைப் பேசச் சொல்லுங்கள் என்றார். முதலாளி ரிசீவரை ஜகந்நாதனிடம் கொடுத்தார்.

"ஜகா, கல்லு தெரியுதா?"

"நான் வர்றப்ப தல தெரிஞ்சிது. இந்நேரம் அதுவும் இருக்காது."

"எறங்கிப் பாத்தியா?"

"எறங்கி நடந்தேன். நடுவுல கால் நிக்கல."

"அப்ப வேணாம்." வண்டி போகாது என்று எத்திராஜ் ஜனத்திடம் கத்துவது கேட்டது. "இன்னாடா, ஹாரன் கூட அடிக்காத பூடற?"

"நீ என் பிரேக்கப் பத்தி மெமோ குடுக்கவச்ச இல்ல?"

"இன்னா மெமோ?"

லைட்னிங் காலில், எட்டு மடங்கு கட்டணத்தில், இரண்டு டிரைவர்களும் மெமோ கதையை முதலிலிருந்து கடைசிவரை பேசினார்கள். ரோட்டில் நின்று பேசியிருந்தால் ஒரு பீடிக்குள் முடிந்திருக்கும். முதலாளி தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்சுப் பெண் அதற்குப் பிறகு குறுக்கிடவே இல்லை. பில் வந்தபோது அந்தக் கால் சாதாரண டிரங்க் காலாகத்தான் இருந்தது. அவள் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்றிரவு கடைசி வண்டியின் ஜனம் காஞ்சிபுரம் ஸ்டாண்டிலேயே தங்கியது. அஞ்சலை கன்னியப்பனைத் தூங்கவிடவில்லையாம். "நீ ஓடியாறலன்னா இந்நேரம் வூட்டுல கஞ்சி குட்ச்சிட்டுப் படுத்திருப்பேன், பேஜார் புட்ச்ச மனுசா" என்று விடியும்வரை ஏசினாள். காலையில் ஆற்றங்கரை வரைக்கும் வண்டி போனது. பாலத்தின் நடுப்பகுதியைக் காணவில்லை. அஞ்சலை கரையில் நின்று பார்த்தாள். அப்புறம் முந்தைய நாள் மழையில் விற்காமல் வாடிப்போயிருந்த ஒரு கட்டு கீரையைக் கன்னியப்பன் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தாள். அதைச் சமைக்க முடியாது என்றும், ஆனாலும் சமைத்ததாகவும் அவர் என்னிடம் சொன்னார்.

வேலை போய்விடும் என்று கன்னியப்பன் எதிர்பார்த்தார். தண்ணீர் வடிந்த பிறகு முதலாளி கூப்பிட்டனுப்பினார். வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். எத்தனை நாளாக இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று முதலாளி கேட்டார்.

"தெனமும்தான் மொதலாளி. நீங்க தெனமும் கேட்டீங்க" என்றார் கன்னியப்பன்.

முதலாளி யோசித்தார். அவரைக் காஞ்சிபுரத்திலிருந்து மாற்றி, உத்திரமேரூரில் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். தண்டனைதான். ஆனால் அந்தத் தண்டனையில் போனையும் அவர் பொறுப்பில் கொடுத்தார். அந்த முனையில் எப்படிப் பொய் சொல்வார்கள் என்று அவரை விட அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? கம்பெனி கைமாறும்வரை அவர்தான் காஞ்சிபுரத்தோடு பேசினார். வண்டி கிளம்பிவிட்டதா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "டிரைவரு கைல குடு" என்பார். டிரைவர் போனுக்கு வந்தால் வண்டி கிளம்பவில்லை. "சாப்டு நைனா, அவசரம் இல்ல. ஆளு ஏறட்டும்" என்று சொல்லி வைத்துவிடுவார். டிரைவர் வரவில்லை என்றால் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு வழியிலும் யாரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. இதைச் சாமர்த்தியம் என்று நான் பாராட்டியபோது, "சாமர்த்தியம் இல்ல சார். என்னிய யாரும் இப்டிக் கேக்கல, அவ்ளோதான்" என்றார்.

நோட்டீஸ் கடைசிவரை கிழிக்கப்படவில்லை. அது பழுத்து மஞ்சளாகிச் சுவரிலேயே இருந்தது. வண்டிகள் மட்டும் மறுபடி ரோட்டில் நிற்க ஆரம்பித்தன. முதலாளியே ஒரு தடவை எத்திராஜ் வண்டியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜகந்நாதன் வந்து நிறுத்தினார். அவர்கள் பேசி முடிக்கும்வரை முதலாளி மறுபக்கம் இருந்த நெல் வயலை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அது அறுவடை முடிந்த வயல்.

கன்னியப்பன் இறந்த அன்றைக்கு நான் மாகறல் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். முதலாளி போய்ச் சில வருஷம் ஆகிறது. அஞ்சலை வந்திருந்தாள். உரத்த குரலில் கன்னியப்பனை ஏசியபடியே அழுதாள், பேஜார் புட்ச்ச மனுசா என்று. அவர் தம்பி மகன் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் வந்தாயிற்று, எடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது ரைஸ் மில்லில் போன் அடித்தது. ஜகந்நாதன் பேசினார். ஆவடியில் மகன் வீட்டில் இருப்பவர். காலையிலேயே கிளம்பியும் பஸ் கிடைக்காமல் காஞ்சிபுரத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கடையிலிருந்து கூப்பிட்டிருந்தார். எடுத்தாச்சா என்று கேட்டார்.

எத்திராஜ்தான் போனை எடுத்திருந்தார். பக்கத்தில் நின்ற தம்பி மகன், "எடுத்துட்டோம்னு சொல்லிடுங்க மாமா. வெயிலு ஏறுது. அவரு வர்ற வரைக்கும் வெச்சிக்கினு இருக்க முடியாது" என்றான். அவன் சொன்னதில் தவறு இல்லை. அப்படிச் சொன்னால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

எத்திராஜ் ரிசீவரைக் காதில் வைத்தபடியே மில் வாசலுக்கு வந்தார். ஒயர் எட்டிய தூரம்வரை வந்து, தெருவுக்கு அப்பால் இருந்த பெஞ்சைப் பார்த்தார்.

"இன்னும் எடுக்கல ஜகா" என்றார். "நான் பாத்துக்கினு கீறேன். நீ வா."

ஜகந்நாதன் வரும்வரை காத்திருந்தோம். முணுமுணுப்பு இருந்தது, வெயிலும் இருந்தது. எத்திராஜ் ஒரு தென்னங்கீற்றைக் கொண்டுவந்து கன்னியப்பனின் முகத்துக்கு நிழல் வருகிறபடி சாய்த்து வைத்தார். பிறகு ஜகந்நாதன் வந்து இறங்கினார். ஆற்றங்கரைக்குப் போகும்போது முன்பக்கம் இருவரும் தோள் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக. வழி முழுக்கத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள்.

மருந்துக் கடையில் இப்போதும் எனக்குப் போன் வருகிறது. மகள் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். ஆச்சு என்று சொன்னால் மகிழ்ந்து வைத்துவிடுவாள். ஆகாதபோது நான் "இன்னும் இல்லை" என்றே சொல்லிவிட்டு, மூன்று நிமிஷமும் திட்டு வாங்கிக்கொள்கிறேன். கன்னியப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.